வெளியேற்றலாம், ஆனால் காரணம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக ஊடகத்தில் யாருடைய கணக்காவது முடக்கப்பட்டால், 'பேச்சுரிமை போச்சு' என்று ஒரு தரப்பும், 'அது தனியார் இடம், பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இரு' என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. சட்டம் பெரும்பாலும் இரண்டாம் தரப்பின் பக்கம்தான். பேச்சுரிமை முதலில் கட்டிப்போடுவது அரசின் கையைத்தான். என் வீட்டுக்குள் வந்து என்னையே திட்டுகிறவரை வெளியே போகச் சொன்னால் அது தணிக்கை ஆகாது. சரி.

ஆனால் ஒரு ஊரே தனியார் சொத்தாக இருந்தால்? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்ற ஊர் அப்படித்தான் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் கையில் இருந்தது. தெரு, நடைபாதை, கடைவீதி எல்லாம் அவர்களுடையவை. அங்கே மதப் பிரசுரம் கொடுத்த ஒரு பெண்மணியை, அத்துமீறி நின்றதாகச் சொல்லிக் கைது செய்தார்கள். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. சொந்த லாபத்துக்காக ஓர் இடத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அவ்வளவுக்கு உரிமையாளரின் அதிகாரம் சுருங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வணிக வளாகங்களுக்கு இது பொருந்தாது என்று 1970களில் அதே நீதிமன்றம் பின்வாங்கியது வருத்தம்தான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், வணிக வளாகத்தில் கையெழுத்து வாங்கத் தடுக்கப்பட்டவர்களின் மனுவை 2003-இல் தள்ளியது. அவர்களுக்குப் பேச வேறு வழிகள் இருந்தன என்பது முக்கியமான காரணம். வேறு வழியே இல்லாமல் போனால் அரசு தலையிட வேண்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது.

இணையத்தில் அந்த 'வேறு வழி' எங்கே இருக்கிறது? சொந்தமாகத் தளம் தொடங்கலாம். படிக்க வேண்டியவர்களோ நாலைந்து நிறுவனங்களின் முற்றத்தில் கூடியிருக்கிறார்கள். செய்தி, வியாபாரம், சொந்தபந்தம் எல்லாம் அங்கேதான்.

அதற்காக எதையுமே நீக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலை மிரட்டலையும் பெண்கள்மீது கொட்டப்படும் ஆபாச வசையையும் விட்டுவைத்தால் மற்றவர்கள் வாய் திறக்கவே பயப்படுவார்கள். எதை நீக்குவது என்று முடிவு செய்வதை அரசிடம் கொடுப்பது இன்னும் மோசம். நான் கேட்பது நியாயமான விசாரணை மட்டும். எந்தப் பதிவு எந்த விதியை மீறியது என்று சொல்லுங்கள், மறுப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'விதிகளை மீறிவிட்டீர்கள்' என்ற ஒற்றை வரியோடு ஒருவருடைய பல வருட எழுத்தையும் தொடர்புகளையும் அழிப்பது அராஜகம்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டை இயந்திரத்தை மட்டும் வைத்து முடிக்கக் கூடாது என்கிறது. அங்கே தருவதை உலகெங்கும் உள்ள பயனர்களுக்கு அதே நிறுவனங்கள் தரட்டும். தானாகத் தரமாட்டார்கள் என்றால் ஒவ்வொரு நாடும் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்