உறுதிமொழியோடு நின்றுவிட வேண்டாம்

ஐயா,

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் பேரணி, உறுதிமொழி, மரக்கன்று நடுதல் எல்லாம் நடக்கின்றன. மறுநாளும் விடுதிக் குப்பைத் தொட்டியில் சோறு கொட்டப்படுகிறது. விழிப்புணர்வு அந்தத் தொட்டியருகே தொடங்கட்டும்.

சாப்பாட்டுக்கூட வாசலில் ஒரு தராசும் கரும்பலகையும் போதும். தட்டில் மிஞ்சியதையும் பாத்திரத்தில் மிஞ்சியதையும் வேளைதோறும் தனித்தனியே எடை போட்டு எழுத வேண்டும். முன்னது மாணவர் பழக்கம், பின்னது சமையல் கணக்கு. இரண்டையும் கலந்துவிட்டால் யார் மாற வேண்டும் என்பதே தெரியாது.

அப்படியும் மிஞ்சுவதை உரமாக்கலாம். உரத்தொட்டியில் ஒரு வாளி சோற்றுக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு போட வேண்டும். சாம்பார், ரசத்தை வடித்துவிடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக் கூடாது. நாற்றமடித்தால் உள்ளே காற்று போகவில்லை; சருகு சேர்த்துக் கிளறினால் அடங்கும். பெரும்பாலும் இது கெடுவது செமஸ்டர் விடுமுறையில், கிளற ஆளில்லாமல். அதனால் ஆண்டு முழுதும் இருக்கும் சமையலர், தோட்டக்காரர், தூய்மைப் பணியாளர்களையும் குழுவில் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தை அவர்களின் வேலை நேரமாகவே கணக்கிடுவதுதான் நியாயம்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. இங்கு பல ஊர்களில் நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரில் அது இன்னும் செறிந்திருக்கும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் அந்நீர் ஆகும். சமையலுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் ஆகாது. அந்தக் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசி, 'குடிக்காதீர்' என்று எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாளர்கள்,
தருமபுரி.