மோட்டார் எட்டாத ஏரிகள்

ஆசிரியருக்கு,

ஏரிகள் சூழ்ந்த காட்டில் நடப்பதைப் பற்றிய பயணக் கட்டுரைகள் பலவும், ‘வண்டிகளுக்கு அனுமதியில்லை’ என்பதைக் குறை போலச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்தத் தடைதானே அங்கே போவதற்கான காரணம்!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையோரம் உள்ள ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ வனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, துடுப்புப் படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்தபடி ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அந்தத் தூரத்தை இன்றும் ‘ராட்’ என்ற பழைய அளவில் சொல்கிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு படகின் நீளம். 1964-ஆம் ஆண்டின் அமெரிக்க வனப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பாதைகளில் மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் இடமில்லை. (சைக்கிள் பிரியனான எனக்கு இதில் வருத்தம்தான்.) சில ஏரிகளில் மட்டும் சிறிய மோட்டார் படகுகளுக்கு விலக்கு உண்டு.

இந்தத் தடையின் பயனை அங்குள்ள பறவைகளிடம் பார்க்கலாம். லூன் என்ற நீர்ப்பறவைக்குத் தரையில் சரியாக நடக்க வராது. அதனால் தண்ணீரின் விளிம்பிலேயே கூடு கட்டும். விரைவுப் படகு எழுப்பும் ஓர் அலை போதும், முட்டைகள் நனைந்துவிடும்.

பயணக் கட்டுரைகளில் இந்தக் காரணங்களையும் இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்