அந்த மில்லைப் பேய் மில் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், எங்கள் ஊர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய அரிசி மில்லைப் பற்றி இரண்டு பக்கத்துக்குப் படங்களோடு எழுதியிருந்தீர்கள். ராத்திரியில் பெண் அலறுகிறாள், கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது, வெள்ளைப் புடவை பறக்கிறது என்றெல்லாம் வந்திருந்தது. உள்ளே போய்ப் படம் எடுத்த பையன்களில் ஒருவன் என் அக்கா மகன். அவர்கள் மறுபடியும் போனபோது நானும் கூடப் போனேன். நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் அம்மா அதே மில் களத்தில் நெல் காயவைத்தவர். இரண்டு காரணத்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கருவி. ஆன்லைனில் வாங்கியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுதான், வரிசையாகச் சின்ன விளக்குகள், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். அது காந்தப்புலத்தை அளக்கும் மீட்டர். கரண்டு ஓடும் ஒயர் பக்கத்தில் கொண்டு போனால் விளக்கு ஏறும். சட்டைப் பையில் செல்போன் இருந்தாலே ஏறும். செல்போன்களை எல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். மில்லுக்குக் கரண்டு கட் பண்ணிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊறல் தொட்டிகளைத் தாண்டிப் பின்சுவர் ஓரம் நின்றபோது, அதுவரை பச்சையிலேயே கிடந்த மீட்டர் ஒரே எகிறாகச் சிவப்புக்குப் போனது. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த குரலில் ஒரு முனகல். "மாமா, அன்னிக்கும் இதே இடந்தான்" என்று அக்கா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்து சுவரைச் சுற்றிப் போனோம். அந்தப் பக்கம் கோடை நடவு வயல், ஒரு போர்செட். கம்பத்திலிருந்து மோட்டாருக்கு வரும் ஒயர்களை மில் சுவரில் கொக்கி அடித்துத் தனித்தனியாக இழுத்திருக்கிறார்கள். அந்த வயலுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ராத்திரி முறை வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டுவிடுகிறது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை. கிளம்பும் நேரத்தில் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். அதைத்தான் மீட்டர் காட்டியது, முனகல் அந்த மோட்டார் கிளம்பிய சத்தம். பெட்டியில் எரிந்த விளக்கையும் குழாயில் கொட்டிய தண்ணீரையும் பையன்களே பார்த்தார்கள்.

அலறலுக்கு வருகிறேன். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் நின்ற மாடத்தில் கூகை என்கிற ஆந்தை குடியிருக்கிறது. வெளுத்த நெஞ்சு, இதய வடிவில் வெள்ளை முகம், நடுவில் இரண்டு கறுத்த கண். டார்ச் வெளிச்சத்தில் சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே பறந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். இது மற்ற ஆந்தை மாதிரிக் கூவாது, கீறிக்கொண்டு கத்தும். குஞ்சுகள் இரை கேட்கும் சத்தம் ஆள் குறட்டை விடுவது போலவே இருக்கிறது. கீழே தரையில், செரிக்காததை அது கக்கிய கறுத்த உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினேன்: எலி முடி, அதற்குள் சின்ன மண்டையோடு, தாடை, மஞ்சள் பல். வயலில் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வேளாண்துறை குச்சி நடச் சொல்கிறது. நம் எலியைத் தின்று நமக்கு நெல்லை மிச்சம் பிடித்துத் தரும் பறவையைச் சாக்குருவி என்று கல்லெடுத்து அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது அந்தக் கூட்டைக் கலைத்தால் என்ன செய்வது?

படங்களில் மிதந்த வெள்ளை உருண்டைகள் தவிட்டுத் தூசு. லென்சுக்கு மிக அருகில் பறக்கும் தூசில் ஃபிளாஷ் பட்டால் அப்படித்தான் விழும். கூரையில் 'டக், டக்' என்று நடக்கும் சத்தம், பகலெல்லாம் காய்ந்த தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்குவது.

பேய் தேடப் போனதற்காகப் பையன்களை நான் திட்டவில்லை. முழுசாகத் தேட வேண்டும் என்றுதான் சொன்னேன். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலும் பேய் இருப்பதாகப் பேச்சு. அவருக்கே ஒரு ராத்திரி உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டி வைத்த, வாள்வீச்சு விளையாட்டு வாளின் தகடு தானாக அதிர்வதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று விடாமல் துருவினார். காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று, காதில் விழாத 19 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்தொன்பது முறை) அதிர்வை அந்த அறையில் உண்டாக்கிக்கொண்டிருந்தது. பயத்துக்கும் உருவத்துக்கும் அதுதான் காரணம் என்று 1998ல் கட்டுரையாகவே எழுதினார். அவரும் பயந்தவர்தான், ஆனால் பயந்த இடத்துக்கே திரும்பப் போய்ப் பார்த்தார்.

அப்புறம், என்னைத் தூங்க விடாத விஷயம். கட்டுரையில் 'பெல்ட்டில் சிக்கி இறந்த பெண்ணின் ஆவி' என்று ஒரு வரி வருகிறது. அவர் கதையில் வரும் பெண் அல்ல, என் அம்மாவோடு வேலை பார்த்தவர். பேரைச் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மில்லில் மேலே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் தடுப்பு போட வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே அன்றைக்குச் சொல்லியிருந்தது. அங்கே தடுப்பு இல்லை. தவிடு கூட்டிக்கொண்டிருந்தவரின் முந்தானை மாட்டிக்கொண்டது. இருட்டோடு எழுந்து வந்து, புளித்த வாடை அடிக்கும் ஊறல் நெல்லை அள்ளி, அவித்து, கொதிக்கிற களத்தில் காலால் கிளறிவிட்டு, மேகம் கறுத்தால் ஓடி ஓடிக் குவித்துப் பிழைத்த பெண்கள் இவர்கள். டெல்டாவின் புழுங்கல் அரிசியில் இவர்கள் கை படாத மூட்டை எது? அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று அன்றைக்கு எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. இன்றைக்கு அவரை அலறும் பேயாக்கிப் படம் போட்டால் அந்தப் பிள்ளைகள் கடைத்தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்கள்?

கட்டுரை வந்த பிறகு வெளியூரிலிருந்தும் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். உள்ளே எலிவேட்டர் குழி மூடி இல்லாமல் திறந்து கிடக்கிறது. மழைத் தண்ணீரும் உமியும் வருடக்கணக்கில் அழுகிக் கிடக்கும் குழியில் மூச்சுக்குக் காற்று இருக்காது, விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் போய்விடுவான். பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்க்கும் ஊர் இது. எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். மேல்தளப் பலகை உளுத்துப் போயிருக்கிறது, நான் ஓரமாக மிதித்த இடமே அமுங்கியது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த வரிக்கு வருத்தம் தெரிவித்து அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். குழிகளை மூடச் சொல்லி மில் உரிமையாளருக்கும் ஊராட்சிக்கும் மனு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். களத்தில் வேலை பார்த்த அம்மாக்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நிருபரைப் பகலில் அனுப்புங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வாசகர் ஒருவர்