கண்ணுக்குத் தெரியாத 14 பங்கு

திருவொற்றியூர்
மார்ச் 9

அன்புள்ள தணிகாசலம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஓசூரில் பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாய் என்று படித்ததில் மனசு நிறைந்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்பதும் நல்ல சேதி. இங்கே எனக்கு முட்டிவலிதான். சமதரையில் ஒன்றும் தெரியாது, மாடிப்படி ஏறினால் பிடித்துக்கொள்ளும். நீ கடைசியாக வந்தபோது மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது விம்கோ நகரையும் தாண்டி ரயில் போகிறது. தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்தே வந்துவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூமி சூடாவது பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். அது பாதிக் கட்டுக்கதை, உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் இயற்கையின் சுழற்சி, உலகத்தையே சூடாக்கும் அளவுக்கு மனுஷனுக்குச் சக்தி கிடையாது என்கிறாய். மூன்று முறை படித்தேன். முப்பத்தோரு வருஷம் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதலில், நீ சொன்னதில் சரியானதைச் சரி என்று சொல்லிவிடுகிறேன். நாம் பந்து விளையாடிய மணல், வலை காயப்போடும் இடம், அதற்குப் பின்னால் இருந்த தெரு, எல்லாம் இன்று கடலுக்குள் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் கருங்கல் குவியல்தான் கரை. இதைக் காட்டி "பார், பூமி சூடாகி கடல் மட்டம் ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால் நீ கோபப்படுகிறாய். கோபம் நியாயம்தான். நீ எழுதியதுபோல, நம் கரை போனதற்கு முதல் காரணம் துறைமுகம். வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலைதடுப்புச் சுவரைக் கடலுக்குள் நீட்டியதும் மணல் அதன் தெற்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்ததுதான் மெரினாவின் அகலம். மணல் வரத்து நின்றுபோன வடக்குக் கரையை அலை அரிக்கத் தொடங்கியது. ராயபுரத்தில் ஆரம்பித்து, ஒரு இடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே அரிப்பு நகர்ந்து நகர்ந்து, நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. கடல் மட்டமும் ஏறியிருக்கிறது, 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர். ஆனால் நம் தெரு போனதை அதன் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

இங்கேதான் உன்னை ஒன்று கேட்கிறேன். கடலின் மணலோட்டத்தைத் திருப்பியது யார்? மனுஷன்தானே! கல்லைப் போட்டவர்கள் மணலைத் தடுக்க நினைத்தே போடவில்லை, கப்பல் ஆடாமல் நிற்க வேண்டும் என்று போட்டார்கள். நூறு வருஷம் கழித்து, அவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத குப்பத்தில் வீடு விழுந்தது. அதை உன் வாயாலேயே சொல்லிவிட்டு, மனுஷனுக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று எப்படி எழுதுகிறாய்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை பாய்லர் பிரிவில் போட்டார்கள். அங்கே ஆர்சாட் என்று ஒரு கருவி இருந்தது. மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள், ஒரு ரப்பர் குழாயில் தொங்கும் தண்ணீர் சீசா. புகைபோக்கிக்குப் போகும் வாயுவில் சரியாக 100 பங்கை அளவுக்குழாயில் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு சீசாவை மேலே தூக்கினால், வாயு பக்கத்துக் குழாயில் இருக்கும் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலுக்குள் போகும். அந்தக் கரைசல் கார்பன் டை ஆக்சைடை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். சீசாவை இறக்கினால் மிச்ச வாயு திரும்பி வரும், குறைந்த அளவைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். நன்றாக எரிகிறது என்றால் 14 பங்கு காணாமல் போயிருக்கும். "14 வந்துதா? அப்போ சரி" என்பார் ஷிப்ட் பொறியாளர். எத்தனை ஆயிரம் முறை அந்த எண்ணை எழுதியிருப்பேன்! அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஊரில் எல்லாரும் சண்டை போடுவது சாம்பலுக்காக. மொட்டை மாடியில் காயும் வேட்டியில் சாம்பல், வடகத்தின் மேல் சாம்பல், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல். சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த 14 பங்குக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கணக்கு சின்னப் பிள்ளை போடும் கணக்குதான். 12 கிலோ கார்பன் 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோவாக வெளியே போகும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி, அப்படியிருந்தும் ஒரு டன் எரித்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வரும். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் ஓடினால் நாளுக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி கேட்கும். இப்படி உலகம் முழுக்க நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எல்லாம் எரித்து வருஷத்துக்கு 3,700 கோடி டன் அளவுக்கு அனுப்புகிறோம். எரிமலைகள்தான் காரணம் என்று எழுதியிருந்தாயே, அவை எல்லாம் சேர்ந்து விடுவது இதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

அனுப்பியதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் செடிகொடிகளும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் தங்குகிறது. ஆலைகள் வருவதற்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்றை எடுத்து 8 லட்சம் வருஷத்துக்குப் பார்த்திருக்கிறார்கள். அதில் எங்கேயும் 300ஐத் தாண்டிப் பெரிதாகப் போனதில்லை.

அந்தக் கூடுதல் நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும் என்பாய். கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வயது சொன்னார்களே, அதே கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன்தான் இங்கேயும் சாட்சி. உயிரோடு இருக்கும் மரத்தில் அது இருக்கும், செத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 50 ஆயிரம் வருஷம் போனால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் நம் எண்ணூருக்கு வரும் நிலக்கரிக்கு வயது 25 கோடி வருஷத்துக்கும் மேல். அதில் கார்பன்-14 துளிகூடக் கிடையாது. அந்தக் கரி எரிந்து காற்றில் கலந்தால், காற்றில் கார்பன்-14இன் பங்கு குறைய வேண்டும். அப்படியே குறைந்திருப்பதை 1950களிலேயே மர வளையங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சூரியன் என்று இன்னொரு பெயரையும் எழுதியிருந்தாய். 1970களின் கடைசியிலிருந்து சூரியன் தரும் வெப்பத்தைச் செயற்கைக்கோள் அளக்கிறது. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்குவது உண்டு, ஆனால் மொத்தத்தில் ஏறவில்லை. அதைவிட எனக்கு மனசில் பதிந்தது வேறு. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். நடப்பதோ, தரைக்கு அருகே சூடு ஏறுகிறது, மேலே ஸ்ட்ராடோஸ்பியர் என்ற உயர அடுக்கில் குளிர்ந்துகொண்டு வருகிறது. மார்கழிப் பனியில் கனமான கம்பளி போர்த்திப் படுத்தவனுக்கு உள்ளே கதகதப்பு. கம்பளியின் வெளிப்புறத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே தங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாயில் அந்த வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, தெர்மாமீட்டர் ஏறுவதைப் பார்த்து எழுதிவைத்தார். 1896இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, அந்த வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி ஏறும் என்று சொன்னார்.

"தாது வருஷப் பஞ்சத்தில் எந்த கார் ஓடியது?" என்ற உன் கேள்வி நல்ல கேள்வி. என் பாட்டி சொன்ன கதைகள் எனக்கும் நினைவிருக்கிறது. 1876-78இல் மழை பொய்த்ததற்குப் பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பெரிய காரணம். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியத்தைக் கப்பலேற்றியது வேறு காரணம். இயற்கையாக மழை பொய்க்கும், புயல் வரும், அது எப்போதும் உண்டு. ஒருவன் இயற்கையாகச் செத்தான் என்பதால் ஊரில் கொலையே நடக்காது என்று ஆகிவிடுமா? பனியுகங்கள் வந்து போனதும் அப்படித்தான். பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் சாய்வும் மெல்ல மாறுவதால் வந்தவை, ஐந்தாறு டிகிரி ஏற ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்தவை. இப்போது ஒன்றரை நூற்றாண்டில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறியாயிற்று. அதில் மனிதர்களின் பங்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டால், 2021இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு கொடுத்த பதில் இது: 2010-19 வரையில் நம்மால் ஏறியது 1.07 டிகிரி, முன்னே பின்னே போனாலும் 0.8க்கும் 1.3க்கும் நடுவில். சூரியனும் எரிமலையும் சேர்ந்து ஏற்றியதோ இறக்கியதோ 0.1க்குள். ஆக, ஏறக்குறைய முழுவதும் நம்முடையது.

"நம்முடையது" என்று எழுதும்போது கை நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு ஆள் கணக்குக்கு வருஷம் 14 டன் போல வருகிறது, நம் நாட்டில் 2 டன். நம் தெருவில் மீன் கூடை தூக்குகிறவளுக்கு அதிலும் எவ்வளவு இருக்கப்போகிறது? அனல் மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை எல்லாம் வடசென்னைக்கு வந்தன, வெளிச்சமும் ஏசியும் எல்லா ஊருக்கும் போயின. இதை நினைத்தால் வயிறு எரிகிறது, தணிகாசலம்.

எல்லாவற்றையும் பூமி சூட்டின் தலையில் கட்டவும் நான் தயாராக இல்லை. 2003 மே 31இல் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அது ஒரு நாள் கணக்கு, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கும் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஆறினது போல வெதுவெதுப்பாக இருப்பதில் கான்கிரீட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் கான்கிரீட் இல்லாத நடுக்கடலும் சூடாகிறது, கூடிய வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே வீட்டுக்குள் எண்ணெய் மிதந்த வெள்ளம் வந்தது. சுவரில் இடுப்பளவுக்கு இருந்த கறுப்புக் கோடு சுண்ணாம்பு அடித்த பிறகும் மங்கலாகத் தெரிகிறது. எண்ணெய் மனிதர்களின் அலட்சியம், தண்ணீர் நின்றது கழிமுகத்தை அடைத்ததால். ஒரு டிகிரி சூடான காற்று 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான். அடைபட்ட ஆற்றில் கூடுதல் மழை கொட்டினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

காசிமேட்டில் போன ஞாயிற்றுக்கிழமை மத்தி வாங்கினேன். நம் சின்ன வயதில் மத்தி என்றால் கேரளாக்காரர் மீன். 1990களிலிருந்து நம் பக்கத்துக் கடலிலும் நிறையப் படுகிறது. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பதிவு செய்து, கடல் சூடானதோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். விற்ற அம்மா அந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டதில்லை. "முன்னெல்லாம் இத்த யாரு கண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே கூறு கட்டினார்.

நீ இங்கே வந்து நாலு நாள் தங்கு. மாடியில் உட்கார்ந்து பேசலாம், நீ மறுத்துப் பேசு, கேட்கிறேன். என் பழைய நோட்டு ஒன்று பரணில் இருக்கிறது, 14, 13.5, 14 என்று பக்கம் பக்கமாக எழுதியது, எடுத்துவைக்கிறேன். ஏப்ரல் 15க்கு முன்னாலேயே வந்துவிடு. அப்புறம் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீனுக்கு விலை எட்டாது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, கீழ் அறையைத் தயார் செய்துவிடுகிறோம். என்றைக்குக் கிளம்புகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
ஏகாம்பரம்