விமானிக்கு விடுதி அறை, இயக்க அலுவலருக்கு நாற்காலி

விமான நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்கும் இயக்கக் கட்டுப்பாட்டு மையங்களின் மேலாளர்களுக்கும்,

வணக்கம். விமானம் கிளம்புமுன் தரையிலிருந்து அதன் பயணத்துக்குத் திட்டம் போடும் இயக்க அலுவலராக வேலை கிடைத்து, வாடகை மிகுந்த ஒரு நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களில் நானும் ஒருவர். இப்போது புதிதாக வருகிறவர்களை என் பக்கத்து மேசையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் பணி ஆணையில் பதவி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, சேர வேண்டிய தேதி இருக்கிறது. சேர்ந்த அன்று இரவு அந்த ஆள் எங்கே தூங்குவார் என்பது மட்டும் இல்லை. அதை அவருடைய சொந்தப் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். அது விமானப் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வரவு செலவுத் திட்டம் போடும் அறையில் அது மறந்துபோவதால் சொல்கிறேன். ஒரு ஜெட் விமானத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்ற கணக்கில் பயணத்துக்கு ஆகும் அளவு, எதிர்பாராதவற்றுக்கு என்று பொதுவாக அதில் 5 சதவீதம், சேர வேண்டிய இடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரை போக ஆவது, அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடத் தேவையான இறுதி இருப்பு ஆகியவை எல்லாம் சேரும். மாற்று நிலையம் எது என்று முடிவு செய்ய வானிலை முன்னறிவிப்பையும், ஓடுபாதை மூடல் அறிவிப்புகளையும், விமானத்தில் எந்தக் கருவி பழுதாக இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் அட்டவணைப்படி பறக்கும் பெரிய நிறுவனங்களில் தலைமை விமானியும், டிஸ்பாட்சர் என்று அங்கே அழைக்கப்படும் இயக்க அலுவலரும் இருவருமே கையெழுத்திட்டால்தான் விமானம் கிளம்ப முடியும். இருவருக்கும் சமப் பொறுப்பு.

சமப் பொறுப்பு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். விமானி வெளியூரில் இரவு தங்கினால் விடுதி அறை உண்டு, அழைத்துப் போக வண்டி உண்டு, குறைந்தபட்ச ஓய்வு நேரம் சட்டப்படி உண்டு. அவருடைய விமானத்துக்குத் திட்டம் போட்டவருக்கு, பல நாடுகளில், ஓய்வு வரம்பே கிடையாது. அமெரிக்க விதி டிஸ்பாட்சரைத் தொடர்ந்து 10 மணி நேரத்துக்கு மேல் பணியில் போடக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த 10 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் சாலையிலும் ரயிலிலும் கழியும் நேரத்தை எந்த விதியும் எண்ணுவதில்லை.

1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் கார் ஓட்டக் கூடாது. மதியத்தில் எழுந்து, வீட்டு வேலை முடித்து, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, இரவு ஷிஃப்டுக்கு வந்து உட்காரும் புதியவர் விடியும்போது எங்கே நிற்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடல் தானாகவே தளரும் நேரம் என்பது நம் துறையே தன் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூர்மையானவர். காற்றின் வேகம் மாறினால் எரிபொருள் எவ்வளவு கூடும் என்று கணினி சொல்வதற்கு முன்பே கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுவார். அவருக்குக் கட்டுப்படியான இடம், நகரத்தின் எல்லையில், வேறு வேறு வேலை நேரம் கொண்ட மூவரோடு பகிர்ந்த ஒரு வீடு. பகலில் தூங்குவதற்காகச் சன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார். வெளிச்சத்தை அது தடுத்தது. சுவருக்கு அப்பால் மிக்ஸி ஓடுவதை எது தடுக்கும்? ஒரு விடியற்காலை, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த நிலையத்தின் வானிலை அறிக்கையை அவர் படித்துக்கொண்டிருந்தார். அதே வரியை விரலால் தொட்டு மூன்றாவது முறையாகப் படிப்பதைப் பார்த்தேன். கண் எழுத்தின் மேல் இருந்தது, பொருள் உள்ளே இறங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால் மாற்று நிலையத்தை இருவரும் சேர்ந்து சரிபார்த்தோம். தனி மேசை கிடைத்த சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். வேலை பிடிக்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவரை இழந்ததில் நிறுவனத்துக்கு எவ்வளவு நட்டம் என்று யாராவது கணக்கிட்டார்களா? வகுப்புப் பயிற்சி, தேர்வு, ஒவ்வொரு வழித்தட மண்டலத்துக்கும் மேற்பார்வையில் செய்த பணி, விமானி அறையில் அமர்ந்து பார்த்துவரும் பயணம், எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் தனியாகக் கையெழுத்திட முடியும். அத்தனையும் செலவழித்து ஆளாக்கிய பிறகு, வாடகைக்காக அவரைப் போகவிடுகிறோம்.

"பெரிய நகரம் என்று தெரிந்துதானே விண்ணப்பித்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டும் இருக்கிறீர்கள். விமானிக்குப் பல நிறுவனங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள் உண்டு, செலவு குறைந்த ஊரைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. இயக்கக் கட்டுப்பாட்டு மையமோ பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான். அது பெரும்பாலும் தலைமையகத்தோடு இருக்கும், தலைமையகம் பெருநகரத்தில் இருக்கும். இந்தத் தொழிலைக் கற்றவருக்கு அங்கே வருவதைத் தவிர வேறு வழியில்லை. வந்த பிறகும், பணி மூப்புப்படி ஷிஃப்ட் தேர்ந்தெடுக்கும் இடங்களில், மிஞ்சுகிற இரவு ஷிஃப்ட்தான் புதியவருக்கு. ஆக, சம்பளம் குறைந்தவர், வீடு தூரமாக இருப்பவர், அனுபவம் இல்லாதவர், மிகக் கடினமான நேரத்தில் பணி செய்பவர், இந்த நால்வரும் ஒரே ஆள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். திட்டமிட்டு மாற்றலாம் என்பதும் தெரியும்.

சிலர் குடும்பத்தைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு, ஊழியர்களுக்கான ஸ்டாண்ட்பை டிக்கெட்டில் பணிக்குப் பறந்து வருகிறார்கள். இருக்கை மிஞ்சினால்தான் இடம். விடுமுறைக் காலத்தில் மிஞ்சாது. நெரிசல் அதிகமான அதே நாட்களில்தான் எங்கள் மையத்திலும் ஆள் அதிகம் தேவைப்படுகிறது.

புயலோ பனிப்பொழிவோ வந்து விமான நிலையம் முடங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்துசேர முடியாது, இருப்பவர்கள் நீடிக்க வேண்டும். பயணிகளுக்கும் விமானக் குழுவினருக்கும் எத்தனை விடுதி அறைகள் வேண்டும் என்ற எண்ணிக்கை எங்கள் மேசைகளிலிருந்துதான் போகிறது. அந்த எண்ணிக்கையில் எங்களைச் சேர்க்கும் பழக்கம் இல்லை. கடைசி ரயில் போன பிறகு, அறைகளுக்கு ஏற்பாடு செய்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப்போட்டுக் கால் நீட்டுகிறார்கள். இந்த ஒன்றை மாற்ற எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை, ஒரு மின்னஞ்சல் போதும்.

மற்றவற்றுக்குக் கொஞ்சம் பணம் தேவைப்படும். விமானக் குழுவினருக்காக ஒப்பந்தம் போட்டுள்ள விடுதிகளிலேயே புதியவருக்கு முதல் சில வாரங்கள் அறை கொடுங்கள். வீடு தேட அவகாசம் கிடைக்கும், கண்ணில் பட்ட முதல் வீட்டுக்கு அவசரமாக ஒப்பந்தம் போட வேண்டியிருக்காது. வீட்டு முன்பணத்தை வட்டியில்லாக் கடனாகத் தந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளர்கள் பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்கிறார்கள். அன்றுதான் சேர்ந்தவரிடம் ஏது? நிறுவனத்தின் முத்திரையோடு ஓர் உறுதிக் கடிதம் கிடைத்தால் அந்தக் கதவு திறக்கும். விமானக் குழுவினரை ஏற்றிவரும் வண்டியை, பொதுப் போக்குவரத்து ஓடாத நேரத்தில் எங்களுக்காகவும் ஒரு நடை அனுப்புங்கள். மையத்தின் அருகிலேயே இருட்டான, கட்டில் போட்ட, ஒலி புகாத ஓர் ஓய்வறை வேண்டும். உணவு இடைவேளைக்கான சோபாவைக் காட்டி அதுதான் ஓய்வறை என்று சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எளிதானது ஷிஃப்ட் அட்டவணை. எந்த நேரத்தில் வேலை என்று தெரியாமல் எங்கே வீடு பார்ப்பது? அதிகாலை 5 மணிக்குப் பணி என்றால் ரயில் பாதையை நம்பி வீடு எடுப்பதில் பயனில்லை. இன்று வீட்டு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அட்டவணை கைக்கு வருகிறது. அடுத்த ஆட்சேர்ப்பில், பணி ஆணையோடு முதல் மூன்று மாத ஷிஃப்ட் அட்டவணையையும் இணைத்து அனுப்புங்கள். அதற்கான மாதிரிப் படிவத்தை நானே தயாரித்துத் தருகிறேன். என் மேலாளரிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

உண்மையுடன்,
ஓர் இயக்க அலுவலர்