தட்டில் செத்தது செல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘இலைச்சாறு 48 மணி நேரத்தில் புற்றுநோயை அழித்தது’ என்று சென்ற வாரம் தங்கள் இதழில் செய்தி வந்தது. அழிந்தது பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்கள் என்பது கடைசிப் பத்தியில்தான் தெரிகிறது. ஓசூர், தருமபுரிப் பக்கமிருந்து பெங்களூருக்குக் கீமோ எடுக்க வருகிறவர்களின் வீட்டாரும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறோம்.

தட்டில் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. உப்பைக் கூட்டினால் சாகும். சாறு புளிப்பாக இருந்தால் செல் வளரும் சத்துநீரான மீடியம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும், செல்லும் வாடும். சாற்றைக் கரைக்க ஊற்றும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டினால் பல செல்களுக்கு அதுவே விஷம். அதனால்தான் அதை 0.1 சதவீதத்தில் நிறுத்துவதும், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட தட்டுக் குழிகளைப் பக்கத்திலேயே வைப்பதும். நோயில்லாத செல்லுக்கும் அதே சாற்றை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அங்கே மருந்து எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்தது அளவு. மஞ்சளில் உள்ள குர்குமினைத் தட்டில் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வரை விடுகிறார்கள். தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கிய நோயாளிகளின் ரத்தத்தில் அதன் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 8 கிராம் வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் தூளைத் தின்ன வேண்டும்! தட்டுக்குள்ளும் சூழல் உடம்பைப் போல இல்லை. வழக்கமான மீடியம் ஒன்றில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் அது 450 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்று வந்தால் எந்த டாக்டரும் பதறுவார்.

எண்ணுகிற முறையிலும் கோளாறு வரும். எம்டிடி சோதனையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. ஆனால் பல இலைச்சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். சாறும் சாயமும் மட்டும் கலந்த குழி இல்லாவிட்டால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. 96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் மீடியம் ஆவியாகிச் செறிவு ஏறுவதால், அங்கே செல் போடாமல் வெறும் பஃபர் (உப்புக் கரைசல்) ஊற்றி விட்டுவிடுவதே வழக்கம்.

இதற்கெல்லாம் முன்பு, அது எந்தச் செல்? 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து வந்த ஹீலா, மற்றத் தட்டுகளில் ஒரு துளி விழுந்தாலும் அங்கிருந்த செல்லை விரட்டிவிட்டுத் தான் வளர்ந்துவிடும். வெவ்வேறு பெயரில் ஆய்வகங்களில் இருந்த பல செல்கள் உண்மையில் ஹீலாவே என்று 1960களில் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். மார்பகப் புற்று என்று நம்பிப் பலர் உழைத்த எம்டிஏ-எம்பி-435 என்ற செல் பிற்பாடு மெலனோமா என்ற தோல் புற்று என்று தெரிந்தது. செல் யாருடையது என்று கைரேகைபோலக் காட்டும் எஸ்டிஆர் டிஎன்ஏ சோதனை செய்தால் இது பிடிபடும். தட்டில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இன்னும் மோசம்: மீடியம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்துவிடும். மாதம் ஒருமுறை, அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் போன்ற சோதனை செய்வதுதான் வழி.

செல்லைத் தாண்டி விலங்குக்குப் போனாலும் ஒரே தாவலில் மனிதருக்கு வந்துவிட முடியாது. பழ ஈ 25 டிகிரியில் பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகிவிடும். மனித நோய் மரபணுக்களில் சுமார் முக்கால்வாசிக்கு அதில் இணை உண்டு. ஒரு மரபணு கெட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க அதைப்போல வசதி வேறில்லை, மருந்தின் அளவைச் சொல்ல அது உதவாது. மனிதக் கருவைச் சிதைத்த தாலிடோமைடு என்ற மருந்து எலிக் கருவை அவ்வளவாகப் பாதிக்கவில்லை, முயல் கருவைச் சிதைத்தது.

எனவே இத்தகைய செய்திகளில் செல்லா, ஈயா, எலியா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். செல்லின் பெயர், சாற்றின் அளவு, எஸ்டிஆர், மைக்கோபிளாஸ்மா சோதனைகள் நடந்தனவா என்பதெல்லாம் ஆய்வுக் கட்டுரையின் ‘செய்முறை’ப் பகுதியில் இருக்க வேண்டியவை. இல்லையென்றால் இல்லை என்றே எழுதலாம்.

இப்படிக்கு,
செல் வளர்ப்பு ஆய்வகங்களில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
யஷ்வந்த்பூர், பெங்களூரு