பிரஸ்டனில் ஒரு திங்கட்கிழமை

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தைப் போன திங்கட்கிழமையே படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால். சபை ஊழியத்துக்காக இங்கிலாந்து வந்திருக்கும் எங்களுக்குத் திங்கட்கிழமை மாலை ஆறு மணி வரைதான் சொந்த நேரம். அவசரத்தில் நாலு வரி கிறுக்கி அனுப்ப மனம் வரவில்லை. இன்று துணியை வாஷிங் மெஷினில் போட்ட கையோடு உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அப்பா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் படுத்திருந்த ராத்திரிகளில் நீ தனியாக உட்கார்ந்திருக்கிறாய், நான் பக்கத்தில் இல்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது. தினமும் காலை ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நீ வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பணத்துக்கு என்ன ஏற்பாடு என்று எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். வாரம் முழுக்க அப்படி என்னதான் செய்கிறாய் என்பது ஒன்று. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சரிதானா என்பது மற்றது. இரண்டாவதை நீ தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். தயங்க வேண்டாம். அதைக் கேட்க உனக்கு இல்லாத உரிமை யாருக்கு?

காலை ஆறரைக்கு எழுவோம். உடற்பயிற்சி, குளியல், பிறகு வேதமும், எங்கள் சபையின் இன்னொரு வேதநூலான மார்மன் புத்தகமும் படிப்பது, முதலில் தனித்தனியாக, அப்புறம் இருவரும் சேர்ந்து. பிறகு வெளியே கிளம்பினால் இரவுதான் திரும்புவோம். பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். செவ்வாயோ புதனோ சுற்றுவட்டார ஊழியர்கள் கூடுவோம். ஞாயிறு ஆராதனை. முன்பு மூன்று மணி நேரம் இருந்ததை 2019 ஜனவரியில் இரண்டு மணி நேரமாக்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இதையெல்லாம் எழுதினால் ஒரு பள்ளிக்கூட நேர அட்டவணை மாதிரிதான் இருக்கும். உண்மையான வாரம் இதற்குள் இல்லை.

உண்மையான வாரம் என் கம்பேனியனிடம் இருக்கிறது. நாங்கள் ஒருவரும் தனியாக ஊழியம் செய்வதில்லை. எப்போதும் இரண்டு பேர். குளியலறை தவிர ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. யாரோடு, எந்த ஊரில் என்பதை நாமே தேர்ந்தெடுக்கவும் முடியாது. இந்த நாட்டுக்கு அழைப்பு வந்ததும் அப்படித்தான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்ஃபர் செய்தி வரும். ஊர் மாறலாம், ஆள் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம். முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. சிஸ்டர் என்று சொல்லிக் குடும்பப் பெயர்தான். பதினோரு மாதத்தில் இவள் எனக்கு நான்காவது ஆள்.

அமெரிக்காவில் ஐடஹோ பக்கத்துப் பெண். மாட்டுப் பண்ணையில் விடிகாலைப் பால் கறக்கும் வேலை செய்து இதற்காகப் பணம் சேர்த்தவள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, தெரியுமா? அவள் மாதிரி அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். பெண்களுக்குப் பதினெட்டு மாத ஊழியம், கணக்குப் போட்டுப் பார். என் வீட்டால் எவ்வளவு முடியும் என்பது உனக்கே தெரியும். மீதியைச் சபையின் ஊழிய நிதி தாங்குகிறது. யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த காசில் இங்கே நடந்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு மழையில் நிற்கும்போதெல்லாம் வரும்.

முதல் மூன்று வாரம் அவளோடு எனக்கு ஒத்தே போகவில்லை. எந்த வாசலில் நின்றாலும் அவளே பேசுவாள். கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டாலும் பதில் அவள் வாயிலிருந்து வரும். இந்த ஊர்க்காரர்களின் ஆங்கிலம் எனக்குச் சட்டென்று பிடிபடாது, என் ஆங்கிலம் அவர்களுக்கும் அப்படித்தான். அந்த ஒரு நொடி இடைவெளிக்குள் அவள் புகுந்துவிடுவாள். எனக்கு உள்ளே எரியும். வாயைத் திறக்க மாட்டேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். அறைக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன்.

வாரத்தில் ஒரு நாள் அடுத்த வாரத்துக்குத் திட்டம் போட உட்காருவோம். அது முடிகிறபோது, நமக்குள் எது நன்றாகப் போகிறது, எது சரியில்லை என்று ஒருவருக்கொருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஊழியத்தின் விதிகளிலேயே இருக்கிறது. முதல் இரண்டு தடவையும் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று பொய் சொன்னேன். மூன்றாவது தடவை ஜெபத்துக்கு முழங்கால் போட்ட பிறகு எனக்கு வார்த்தை வரவில்லை. எழுந்து உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "கேள்வி எனக்கு, பதில் நீ. நான் பக்கத்தில் நிற்கும் குடை மாதிரி இருக்கிறேன்."

அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, நீ திணறுகிறாய் என்று நினைத்து உனக்கு உதவி செய்வதாகத்தான் எண்ணியிருந்தேன் என்றாள். அடுத்து அவள் முறை. "ராத்திரி நீ சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறாய். இந்த ஊரில் என்னோடு பேச உன்னை விட்டால் யாரும் இல்லை. தினமும் என்ன தப்புச் செய்தேன் என்று எண்ணிக்கொண்டே தூங்குகிறேன்." தோழி, என் மௌனம் இன்னொருத்தியை இத்தனை வருத்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளி நாட்களில் உன்னிடமும் இப்படித்தான் எத்தனை தடவை! நீ ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். இல்லை, சொல்லியிருப்பாய், நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் திறந்தார். என் சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப் பட்டையைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், கேட்டார்: "ஒரு காலத்தில் நாங்கள் உங்கள் நாட்டுக்கு மிஷனரிகளை அனுப்பினோம். இப்போது நீ எங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறாயா?" கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் என் கம்பேனியன் பேசியிருப்பாள். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள் வீட்டுக் கதவையும் இப்படி இரண்டு பேர் தட்டினார்கள். அம்மா திறந்தாள்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவர் உள்ளே வரச் சொன்னார். பிரஸ்டனுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் லேலண்ட் என்று ஓர் ஊர். நம் ஊர் லாரிகளின் நெற்றியில் எழுதியிருக்குமே, அதே லேலண்ட். அங்கே தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! டீ போடப் போனார். இங்கே யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும் டீதான். எங்கள் சபையில் டீயும் காப்பியும் குடிப்பதில்லை. அதைச் சொல்லும்போது நீட்டிய கையைத் தட்டிவிடுவது போல எனக்கு ஒவ்வொரு தடவையும் சங்கடமாக இருக்கும். தண்ணீர் போதும் என்றோம். தண்ணீரையும் நல்ல பீங்கான் கோப்பையில்தான் கொண்டுவந்தார்.

புத்தகம் வேண்டாம் என்று அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். மனைவி இறந்த பிறகு கடவுளோடு பேச்சு இல்லையாம். சரி என்றோம். தோட்டத்தில் களை மண்டிக் கிடந்தது. பிடுங்கித் தரட்டுமா என்று என் கம்பேனியன் கேட்டாள். பண்ணைக்காரி ஆயிற்றே. அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் போகிறோம். 2018 டிசம்பரிலிருந்து பெண்கள் கால்சட்டை போட அனுமதி உண்டு. களை எடுக்கையில்தான் அதன் அருமை தெரிகிறது. மார்மன் புத்தகத்தில் அம்மோன் என்று ஒருவன் வருகிறான். அந்நிய ராஜாவிடம் போய், உமக்கு வேலைக்காரனாக இருக்கிறேன் என்று சொல்லி, முதலில் ஆடு மேய்க்கத்தான் போனான். சின்ன வயதில் அந்தக் கதையில் அவன் போட்ட சண்டைதான் எனக்குப் பிடிக்கும். இப்போது ஆட்டு மந்தை பிடிக்கிறது.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டு நிலை என்னவாக இருந்தது, பிறகு எப்படி மாறியது என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நீ. அந்த இரண்டு பேர் கதவைத் தட்டியது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. தட்டாமல் போயிருந்தால் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது முழுப் பதில். அதற்குப் பின்னால் போய்க் குடைவது தப்பு. அந்தத் தப்பை ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். ஒரு பெண், தயவுசெய்து இனி வராதீர்கள் என்று கண்கலங்கச் சொன்னாள். அந்தத் தெருவைக் கடக்கும்போது இன்னமும் தலை நிமிராது. இந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் கற்பித்து ஞானஸ்நானம் எடுத்தவர் ஒரே ஒருவர். அவர் தண்ணீரிலிருந்து எழுந்தபோது சிரித்த சிரிப்பு எனக்குப் போதும் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று. நீ "மார்மன் சபை" என்று எழுதியிருந்தாய். தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் முழுப் பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. கிறிஸ்துவின் பெயர் அதில் இருப்பதால் எனக்கும் அதுவே பிடிக்கும்.

இன்று மதியம் ரிபிள் ஆற்றங்கரைக்கு நடந்து போனோம். எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டி வந்த முதல் ஊழியர்கள் இந்த ஊருக்குத்தான் வந்தார்கள், 1837 ஜூலையில். ஹீபர் கிம்பல் தலைமையில். அந்த மாதம் 30-ஆம் தேதி இந்த ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யார் முதலில் என்று இருவர் கரை வரை ஓட்டப் பந்தயம் வைத்து, ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தாராம். சில வருடங்களில் மக்கள் லிவர்பூலில் கப்பலேறத் தொடங்கினார்கள். 1840 ஜூனில் பிரிட்டானியா என்ற கப்பலில் முதல் கூட்டம், நாற்பது பேர் சுமார். என் கம்பேனியனின் பாட்டிக்குப் பாட்டி வழியில் ஒருத்தி இந்தப் பக்கத்து நெசவாலைப் பெண். பின்னால் ஒரு கப்பலில் போனவள். அவளுடைய பேத்திகளின் பேத்தி பால் கறந்து காசு சேர்த்து இங்கேயே திரும்பி வந்திருக்கிறாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். இன்றைக்கு நாங்கள் பேசாமல் இருந்தது வேறு மாதிரி மௌனம்.

ஹீபர் கிம்பல் 1839-ல் மறுபடி இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அவருக்குக் காய்ச்சல், மனைவியும் படுக்கையில். வண்டியில் ஏறிப் போனவர் மனம் கேட்காமல் வண்டியிலேயே எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றி அவளுக்காக உரக்க ஆரவாரம் செய்தாராம். அதற்கப்புறம் கடிதம் வர எத்தனை மாதம் ஆகியிருக்கும்? எங்களுக்கு 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு முறை வீட்டோடு பேசலாம். அதற்கு முன் போனவர்களுக்கு வருடத்தில் இரண்டே அழைப்பு, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். நாலு மணிக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டும். சாப்பிட்டாயா என்று முதல் கேள்வி வரும், அழுகை பின்னாலேயே வரும்.

சனிக்கிழமை டிரான்ஸ்ஃபர் செய்தி. எங்கள் இருவரில் ஒருவர் போவோம் என்று நினைக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் மகிழ்ந்திருப்பேன். இப்போது அதைப் பற்றி இருவருமே பேச்செடுப்பதில்லை. பெரியவருக்கு மட்டும் சொல்லி வைத்தோம். போவது யாரானாலும் மற்றவர் புதன்கிழமை வர வேண்டும் என்றார். அவர் மனைவி நட்ட ரோஜாச் செடி ஒன்று களைக்கு அடியில் இருந்து வெளியே வந்திருக்கிறது. அதைக் கத்தரிக்க எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இந்த ஐந்து நாளில் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

துணி முடிந்துவிட்டது. கூப்பிடுகிறாள். உன் படிப்புக் கட்டணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று மறக்காமல் எழுது. அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
தோழி